கடாரத்து மண்ணில் ஒரு பகல் நடை



கல்விச் சுற்றுலா என்றதும் உங்கள் மனக்கண்முன் தோன்றுவது யாது? பேருந்து, பாட்டு, நொறுக்குத் தீனி, இறங்கிய இடத்தில் வரிசையாக நின்று எடுத்துக்கொள்ளும் நிழற்படம், மாலையில் உறங்கியபடியே வீடு திரும்புதல். இவ்வாறு எண்ணும்படி உங்களைப் பழக்கியவர்கள் ஆசிரியர்களாகிய நாமே என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இருக்கையிலிருந்து பார்த்த ஊர் நெஞ்சில் தங்குவதில்லை. காலால் நடந்து பார்த்த ஊரோ எளிதில் மறப்பதில்லை. ஆதலின், ஒரு பகற்பொழுதில் நடந்து முடிக்கத்தக்க வழியொன்றை வகுப்பது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம். எடுத்துக்காட்டாகக் கொள்வது நம் கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கு. தமிழ் நூல்களும் கல்வெட்டுகளும் கடாரம் என்று போற்றிய நிலம் இதுவே.

முதற்கண் நாம் செய்த பிழையைக் கூறிவிடுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் ஆண்டு 4, 5, 6 மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றோம். திட்டம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. வாடகைப் பேருந்து முக்கால் மணி நேரம் பிந்தி வந்தது. அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு, வெயில் ஏறிய பின் கீழே வயல்வெளிச் சாலையில் நடக்கத் தொடங்கினோம். நண்பகல் வேளை, ஒதுங்க ஒரு மரமும் இல்லை. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி தள்ளாடிச் சாலையோரத்தில் சாய்ந்துவிட்டாள். விடியுமுன் எழுந்து வந்தவள் காலையில் ஒன்றும் உண்ணவில்லை. குப்பியில் கொணர்ந்த தண்ணீரையும் பேருந்திலேயே குடித்து முடித்திருந்தாள். கம்பத்து வீடொன்றின் மலாய்த் தாய் ஓடி வந்து, அவளைத் தாழ்வாரத்து நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் முகத்தையும் கழுத்தையும் துடைத்தார். சிறிது நேரத்தில் அவள் கண்விழித்தாள். அன்று மாலை லயத்து வாசலில் காத்திருந்த அவள் பாட்டியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க நம்மால் இயலவில்லை. பிழை குழந்தையினுடையதன்று, பேருந்துக்காரருடையதும் அன்று. எப்போது எங்கே வெயில் இருக்கும் என்று எண்ணிப் பாராமல் நடந்த நம்முடையது.

மறு ஆண்டு, புறப்படுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னரே வகுப்பறை மேசையில் நிலப்படத்தை விரித்துவிட்டோம்.

அது 1:50,000 அளவுடைய படம். அதாவது, படத்தில் 2 செண்டிமீட்டர் தரையில் 1 கிலோமீட்டர். சாலை நேர்க்கோடாக ஓடுவதில்லை ஆகையால் அடிக்கோலால் அளக்க முடியாது. நூல் ஒன்றை எடுத்துச் சாலையின் வளைவுகளின்மேல் படியவைத்து, பின்பு நூலை நீட்டி அளக்க வேண்டும். மாணவர்கள் மூன்று குழுக்களாக அளந்தனர். ஒரு குழு 13 செண்டிமீட்டர் என்றது. மற்றொன்று 15 என்றது. மூன்றாம் குழு, நூல் இழுபட்டால் அளவு மாறும் என்று கண்டுபிடித்து, தையல் நூலுக்கு மாறாகச் சணல் நூலைப் பயன்படுத்தியது. ஒருவாறு 14 செண்டிமீட்டர், அதாவது 7 கிலோமீட்டர் என்று முடிவு செய்தோம். பள்ளிச் சிறுவருக்கு இது மிகுதியும் அன்று, குறைவும் அன்று.

தொலைவு மட்டும் போதாது. ஏற்றத்தையும் கணக்கிட வேண்டும். படத்தில் பழுப்பு நிறத்தில் நெளிந்து செல்லும் கோடுகள் சமவுயரக் கோடுகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 20 மீட்டர் உயர வேறுபாடு. நம் வழி கடைசிப் பகுதியில் நான்கு கோடுகளைக் கடந்தது. ஆகவே 80 மீட்டர் ஏற்றம். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சரிவு. இதனைப் பாடநூலில் படித்த மாணவன் தேர்வில் எழுதுவான். மலையடிவாரத்தில் மூச்சு வாங்கும்போதுதான் அது அவனுக்குப் புரியும்.

நேரக் கணக்குக்கு ஒரு பழைய விதி உண்டு. வில்லியம் நெய்ஸ்மித் என்னும் ஸ்காத்லாந்து மலையேறி 1892ஆம் ஆண்டில் வகுத்தது. இன்றைய அளவைகளில் கூறினால், ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அதன்படி 7 கிலோமீட்டருக்கு 84 நிமிடம். 80 மீட்டர் ஏற்றத்துக்கு 8 நிமிடம். ஆக 92 நிமிடம். ஆனால் இவ்விதி வலிமை மிக்க பெரியவர்களுக்கு உரியது. செருப்பு வார் அறுந்து நிற்பவன், வண்ணத்துப்பூச்சியைத் துரத்துபவன், வயிறு வலிக்கிறது என்பவன் ஆகியோரை நெய்ஸ்மித் அறிந்திலர். நாம் அக்கணக்கை இரட்டிப்பாக்கினோம். மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலாயிற்று. மூன்று இடங்களில் இருபது இருபது நிமிடம் தங்கிப் பார்க்க மேலும் ஒரு மணி. ஆகவே காலை 8 மணிக்குத் தொடங்கினால் நண்பகல் 12 மணியளவில் முடிக்கலாம்.

இங்குதான் முதல் ஆண்டுப் பிழையைத் திருத்தினோம். வழியைத் தலைகீழாக்கினோம். நிழலற்ற வயல்வெளியைக் காலை இளவெயிலில் கடந்துவிட வேண்டும். மரநிழல் மிக்க குன்றடியை வெயில் ஏறும் வேளைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பேருந்து நம்மைத் தாழ்வான பெங்காலான் பூஜாங்கில் இறக்கிவிட்டு, மேலே அருங்காட்சியகத்தில் வந்து காத்திருக்க வேண்டும். திரும்பி நடக்கும் தொல்லை இல்லை. யாருக்கேனும் இயலாது போனால் நடுவில் மெர்போக் பட்டணத்தில் பேருந்தை அழைத்துக்கொள்ளலாம். வெயிலுக்காக நாம் செய்த இம்மாற்றம், வரலாற்றுக்கும் பொருந்தி வந்தது நாம் எதிர்பாராதது. ஏனெனில், பழங்காலத்து வணிகன் வந்ததும் அவ்வழியே: முதலில் துறை, பின்பு குன்று.

'பெங்காலான்' என்னும் மலாய்ச் சொல்லுக்குப் படகுத்துறை என்று பொருள். இன்று அது அமைதியான சிற்றூர். ஆறும், தென்னையும், உயர்த்திக் கட்டிய பலகை வீடுகளுமே கண்ணுக்குத் தெரியும். ஆயின் அம்மண்ணை அகழ்ந்தவர்கள் சீனத்துச் சோங் மரபுக் காலத்துப் பீங்கான் ஓடுகளையும், கண்ணாடித் துண்டுகளையும், மணிகளையும் பெருந்திரளாகக் கண்டெடுத்தனர். செங்கற்கட்டடங்களின் அடித்தளங்களும் அங்கு வெளிப்பட்டன. சீனத்துப் பீங்கானும் மேற்குத் திசைக் கண்ணாடியும் ஒரே மண்ணில் கிடப்பானேன்? இந்த வினாவை நாம் துறையிலேயே மாணவர்களிடம் கேட்டோம். "இரண்டு பக்கத்துக் கப்பலும் இங்கேதான் வந்திருக்கும் ஐயா" என்றான் ஒருவன். சரியான விடை.

காரணம் காற்று. வங்கக் கடலில் ஆண்டின் ஒரு பாதியில் தென்மேற்கிலிருந்தும் மறு பாதியில் வடகிழக்கிலிருந்தும் பருவக்காற்று வீசும். பாய்மரக் கப்பல் காற்றுக்கு எதிரே செல்ல இயலாது. ஒரு காற்றில் வந்தவன் மறு காற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்போருக்கு இடம் வேண்டும், உணவு வேண்டும், வழிபாட்டுக்கு ஒரு கோயிலும் வேண்டும். கடலிலிருந்து நெடுந்தொலைவிலேயே கண்ணுக்குப் புலப்படும் மலை ஒன்று இருந்தால் மாலுமிக்கு அதைவிட நல்ல வழிகாட்டி வேறில்லை. ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய் அத்தகைய மலை. வயல்வெளியில் நடக்கும்போது நமக்கு முன்னே நிமிர்ந்து நிற்பது அதுவே. முகில் மூடாத காலை வேளையில் அதன் முடி தெளிவாகத் தெரியும்.

இவ்வயல்வெளி நடை ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். கொக்குகளையும் எருமைகளையும் பார்த்துக்கொண்டே செல்லலாம். கடாரத்தைப் பற்றிய செய்திகளைக் கூற இது தக்க இடம். வாய் பேச, கால் தானே நடக்கும்.

சங்க நூலாகிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்த பொருள்களுள் காழகத்திலிருந்து வந்தனவும் கூறப்படுகின்றன. காழகம் என்பது கடாரமே என்று உரை வகுத்தார் நச்சினார்க்கினியர். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குச் சென்ற இ-சிங் என்னும் சீனத் துறவி கெடாவில் தங்கிச் சென்றதைத் தம் நூலில் குறித்துள்ளார். 1834ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கில அதிகாரி இன்றைய செபராங் பிறைப் பகுதியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்னும் பெருமாலுமி தன் பயணம் இனிதே நிறைவேற வேண்டிப் பொறித்த கல் அது. காலம் ஏறக்குறைய 5ஆம் நூற்றாண்டு. அக்கல் கொல்கத்தாவிலுள்ள இந்திய அருங்காட்சியகத்துக்குச் சென்றது. பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்ற அந்த வேண்டுதலைக் கேட்ட மாணவி ஒருத்தி, "நாம் புறப்படுமுன் சபைகூடலில் வேண்டிக்கொண்டது போலவா ஐயா?" என்றாள். ஆம், அது போலவே.

இவ்விடத்தில் ஒரு திருத்தமும் கூற வேண்டியுள்ளது. நம் மாணவர் மட்டுமல்லர், பெற்றோருட் பலரும் பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில்கள் அனைத்தும் இராசேந்திர சோழன் கட்டியவை என்று கூறுவதைக் கேட்டிருக்கின்றோம். கேட்க இனிமையாக உள்ளது. ஆயினும் உண்மை அவ்வளவு எளிதன்று. இராசேந்திரனின் கடற்படை கடாரத்தை வென்றது 1025ஆம் ஆண்டில். கடாரங்கொண்டான் என்னும் விருதுப்பெயர் அவனுக்கு அதனால் வந்தது. ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இத்துறையில் வணிகம் சிறந்திருந்தது. வென்றதற்கு இருபதாண்டு முன்னர், இராசராச சோழன் காலத்தில், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரம் என்னும் புத்தப் பள்ளியை எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைச் சோழன் கொடையாக வழங்கினான். ஆனைமங்கலச் செப்பேடுகள் இதனைக் கூறுகின்றன. ஆக, படையெடுப்புக்கு முன் நட்பு இருந்தது. அங்கிருந்து இங்கு வந்தது போலவே இங்கிருந்தும் அங்கு சென்றனர். ஒருவர் வந்து கட்டிக் கொடுத்துச் சென்றார் என்பதைவிட, இம்மண்ணின் மக்களும் கடல் கடந்து வந்தோரும் கூடி வாழ்ந்தனர் என்பதே நாம் நடக்கும் இந்நிலத்துக்குப் பொருத்தமான செய்தி. வெற்றியை மட்டும் சொல்லி நட்பைச் சொல்லாது விடுவது வரலாற்றுப் பாடத்தில் பாதியைக் கிழித்தெறிவது போன்றதாகும்.

மெர்போக் பட்டணத்தில் இருபது நிமிடம் நின்று, கழிவறை, தண்ணீர் முதலிய தேவைகளை முடித்துக்கொண்டு குன்றுச் சாலையில் ஏறத் தொடங்கினோம்.

அருங்காட்சியகம் 1980ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. உள்ளே கண்ணாடிப் பேழைகளில் உள்ளவற்றை இங்கு விரிக்கப் போவதில்லை, சென்று காண்க. வெளியே படிகளில் ஏறினால் காண்பனவற்றைப் பற்றியே கூற விரும்புகின்றோம். சண்டி என்பது பழைய கோயிற் கட்டடத்துக்கு மலாய் மொழியில் வழங்கும் பெயர். வளாகத்திலுள்ள சண்டிகளுள் பெண்டியாட், பெண்டாங் டாலாம் முதலியவை வேறிடங்களிலிருந்து கற்களைப் பெயர்த்துக் கொணர்ந்து மீண்டும் அடுக்கப்பட்டவை. புக்கிட் பத்து பகாட் சண்டி ஒன்றே தான் பிறந்த இடத்திலேயே நிற்பது. பத்து பகாட் என்றால் உளியால் செதுக்கிய கல். குவாரிட்ச் வேல்ஸ் என்னும் ஆய்வாளர் தம் மனைவியாருடன் 1936, 1937ஆம் ஆண்டுகளில் இதனை ஆராய்ந்தார். பின்னர் 1959, 1960ஆம் ஆண்டுகளில் அலஸ்டேர் லேம்ப் என்பவர் சிதறிக் கிடந்த கற்களை ஒழுங்குபடுத்தி மீண்டும் எழுப்பினார். அடித்தளத்தினடியில் புதைக்கப்பட்டிருந்த சிறு கற்பேழைகளும் கிடைத்தன. இன்றும் நம் கோயில்களில் குடமுழுக்கின்போது கருவறையின்கீழ் பொன்னும் மணியும் இட்டு மூடுவதைக் கண்டவர்களுக்கு இச்செய்தி புதிதன்று.

மாணவர்களுக்கு நாம் கொடுத்த பணி இதுதான்: "இது கோயில் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எதைப் பார்த்துக் கோயில் என்று அறிவீர்கள்?" பத்து நிமிடம் சுற்றி வந்தனர். ஒருவன், உயர்ந்த பகுதி கருவறை போலவும் தாழ்ந்த பகுதி மண்டபம் போலவும் உள்ளன என்றான். மற்றொருத்தி வட்டமான கற்களின் நடுவிலுள்ள குழிகளைக் காட்டினாள். அவை மரத்தூண்களைத் தாங்கிய கற்கள். தூணும் கூரையும் மக்கி மறைந்தன. கல் மட்டும் எஞ்சிற்று. நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலும் தொடக்கத்தில் அத்தாப்புக் கூரையோடும் மரக்கால்களோடும் இருந்ததைத் தாத்தா சொல்லக் கேட்ட ஒருவன், "அப்போ நம்ம கோயிலும் கொஞ்ச நாளைக்கு அப்புறம் இப்படித்தான் இருந்திருக்கும்" என்றான். நாம் அவனுக்கு மறுமொழி கூறவில்லை.

சண்டியை அடுத்து ஓடுகிறது மெர்போக் கெச்சில் ஆறு. தெளிந்த நீர், குளிர்ந்த பாறை. இறங்கிக் குளிக்க எல்லாரும் துடித்தனர். நாம் கணுக்காலளவுக்கு மேல் விடவில்லை. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் ஜெராய் மலையில் பெய்த பெருமழையால் மரங்களும் பாறைகளும் ஆற்றோடு உருண்டு வந்து அடிவாரத்தை அழித்ததையும், உயிர்கள் மாண்டதையும் மறந்துவிடலாகாது. மலை உச்சியில் மழை பெய்யும்போது கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். நீர் திடீரெனக் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் கூடினாலும், பையை எடுக்கவும் நில்லாமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். இதனைப் பேருந்தில் ஒரு முறையும் ஆற்றங்கரையில் ஒரு முறையும் கூறினோம். வயல்வெளியில் இடி கேட்டால் தனிமரத்தடியில் ஒதுங்கக் கூடாது என்பதும் அவ்வாறே. கெடாவில் மழை குறைந்த மாதங்கள் சனவரியும் பிப்ரவரியும். செப்டம்பர், அக்டோபரில் மழை மிகுதி. ஆகையால் நடைக்கு ஆண்டின் தொடக்க மாதங்களே ஏற்றவை. வெள்ளியும் சனியும் நம் மாநிலத்தில் வார விடுமுறை என்பதால், கூட்டத்தையும் திறக்கும் நேரத்தையும் முன்னதாகவே தொலைபேசியில் கேட்டறிந்துகொள்க.

உணவைப் பற்றிச் சில சொற்கள். நாசி லெமாக் எல்லாருக்கும் விருப்பமானதுதான். ஆனால் தேங்காய்ப்பால் சேர்ந்த சோறு வெயிலில் விரைவில் ஊசிப்போகும். புளிச்சோறும் அவித்த முட்டையும் கொண்டுவரும்படி தாய்மார்களுக்கு எழுதினோம். அக்கடிதத்திலேயே, காலையில் பசியாறாமல் வரும் மாணவரை அழைத்துச் செல்ல இயலாது என்றும் குறித்தோம். வன்மையான சொல் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒருவர் குறைபட்டார். நாம் அதனை மாற்றவில்லை. தண்ணீர் தலைக்கு ஒன்றரை லிட்டர். பையின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. 30 கிலோகிராம் எடையுள்ள சிறுவனுக்கு 3 கிலோகிராம், தண்ணீரும் அதில் அடக்கம். ஆசிரியர் பையில் ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்த குப்பி ஒன்று இருந்தது. கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும். உப்பு கூடினால் தீங்கு. தொப்பி, மாற்றுக் காலுறை, விசில் ஆகியவை போதும். வரிசையின் முன்னே ஓர் ஆசிரியர்; கடைசியில் ஓர் ஆசிரியர். கடைசி ஆசிரியரைத் தாண்டி எவரும் பின்தங்கக் கூடாது. இருவர் இருவராகத் துணைசேர்த்துவிட்டால், எண்ணிப் பார்க்கும் வேலையைப் பாதி மாணவர்களே செய்துவிடுவர். மாவட்டக் கல்வி அலுவலகத்தின் அனுமதி, பெற்றோரின் ஒப்புதல் ஆகியவற்றைப் பற்றி ஆசிரியர்களுக்குத் தெரியும்.

நாம் கணக்கிட்ட 12 மணிக்கு மாறாக 12.25க்கு உணவுப் பொட்டலங்களைப் பிரித்தோம். எவரும் மயங்கவில்லை. முதல் ஆண்டு மயங்கி விழுந்தவள் இம்முறை ஐந்தாம் ஆண்டு மாணவி. மூன்றாம் குழுவின் தலைவி. சணல் நூல் அவள் எண்ணமே.

திரும்பும் வழியில் சுங்கை பத்துவில் பேருந்தை நிறுத்தினோம். 2009ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அங்கு அகழ்ந்து, இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களையும், உலைக்குக் காற்றுச் செலுத்திய சுடுமண் குழாய்களையும் வெளிப்படுத்தினர். அவ்விடம் வெகுகாலம் தோட்டங்களுக்கிடையே செம்மண் மேடாகக் கிடந்தது. எத்தனையோ பேர் அம்மேடுகளை மிதித்து வேலைக்குப் போய் வந்திருப்பர்.

அங்கே ஒருவன் கேட்டான்: "ஐயா, சண்டிகளுக்கு எண் போட்டிருக்கிறார்களே, 11ஆம் எண் எங்கே?" நிலப்படத்தைத் தயாரிக்கும்போது அவ்வெண்ணைப் பார்த்திருக்கிறான். மறைக்காமல் சொன்னோம். சுங்கை பத்துப் பகுதியிலிருந்த அச்சண்டி ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. நிலத்தை மேம்படுத்தும் பணியில் அது இடிக்கப்பட்டுவிட்டது. 2013ஆம் ஆண்டு டிசம்பரில் செய்தி வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. அவ்விடம் தனியார் நிலம். பாதுகாக்கப்பட்ட சின்னமாக அரசிதழில் பதிவு பெற்றிருக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருந்தும், பட்டியலில் ஏறாத கல்லுக்கு அது காவலாக நிற்கவில்லை. "அங்கே யாராவது நடந்து போய்ப் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால்?" என்றான் அவன். பேருந்து ஓட்டுநர் வண்டியை இயக்கினார்.

வரும் ஆண்டில் இந்நடையை மேற்கொள்ளவிருக்கும் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. நூலகத்திலுள்ள நிலப்படத்தை எடுத்துக்கொள்க. பெங்காலான் பூஜாங்கிலிருந்து அருங்காட்சியகம் வரையிலான வழியைச் சணல் நூலால் மீண்டும் அளந்து, நம் 14 செண்டிமீட்டர் சரியா என்று பார்க்க. உங்கள் வகுப்பில் மிக மெதுவாக நடப்பவரின் வேகத்தைத் திடலில் கணித்து, அவ்வேகத்தில் எத்தனை மணிக்குச் சண்டியை அடைவீர்கள் என்று காண்க. பின்பு, நீங்கள் படித்தறிந்த சண்டிகளை எண்ணுடன் படத்தில் குறிக்க. 11ஆம் எண்ணையும் விடாமல் குறிக்க.